பெர்லினுக்குப் போன படம் பரந்தனுக்கு எப்போது வரும்?

வெளிநாட்டு விழா ஒன்றுக்குத் தெரிவான படம் தானாகவே ஒரு விநியோகஸ்தரைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கமராவோடு திரியும் இளைஞர்களிடம் இன்னும் இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. விழாக்காரரின் வேலை படத்தைத் தெரிந்தெடுத்துத் திரையிடுவதோடு முடிகிறது. அதற்குப் பிறகு வருவது வேறொரு தொழில். அதற்கு ஆட்களும் வேறு, கணக்கும் வேறு.

தமிழ்நாட்டையே பாருங்கள். தியேட்டரும் சனமும் எங்களைவிட எத்தனையோ மடங்கு உள்ள இடம் அது. ‘காக்கா முட்டை’ 2014 செப்டெம்பரில் ரொறன்ரோவில் காட்டப்பட்டு 2015 ஜூனில் தியேட்டருக்கு வந்தது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2016 இலேயே விழாக்களுக்குப் போனது, ஊரில் வெளியானதோ 2018 ஓகஸ்டில். ‘கூழாங்கல்’ 2021 இல் றொட்டர்டாமின் டைகர் விருதை வென்றும் வழமையான தியேட்டர் வெளியீடு இல்லாமல் 2023 ஒக்டோபரில் நேரே ஓ.டி.டி. தளத்துக்குப் போய்விட்டது. அதே இயக்குனரின் அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ 2024 பெப்ரவரியில் பெர்லினில், ஓகஸ்டில் தியேட்டரில். இந்த இடைவெளிகளைத் தீர்மானித்தது விருது அல்ல. விழா நடந்த நாளில் படத்துக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதும் ஒரு காரணம். ‘கொட்டுக்காளி’யைத் தயாரித்ததே ஒரு முன்னணி நடிகரின் நிறுவனம்.

வன்னியில் எடுக்கப்படும் படத்துக்கு அப்படி ஒரு நடிகர் கிடையாது. ஆகவே வேறு விதமாகத்தான் யோசிக்க வேண்டும். படத்தின் உலக உரிமையை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் காட்டும் உரிமையை விற்றுவிடக் கூடாது. மிச்சம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

முதல் சிக்கல் விழாவுக்கு முன்னமே தொடங்குகிறது. பெரிய விழாக்கள் படத்தைத் தாங்களே முதலில் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. சில விழாக்கள் சொந்த நாட்டில் காட்டியதைப் பொறுத்துக்கொள்ளும், சில அதையும் ஏற்காது. படம் முடிந்த மகிழ்ச்சியில் ஊர் மண்டபத்தில் ‘முதல் காட்சி’ என்று பதாகை கட்டி, பத்திரிகையாளரை அழைத்து, அந்தப் புகைப்படங்களை முகநூலில் போட்டுவிட்டால் முதல் திரையிடல் என்ற தகுதி போய்விடும். நடித்த ஊர்ச்சனத்துக்குக் காட்டாமல் இருக்கவும் முடியாது, அது நியாயமும் இல்லை. அப்படியென்றால் ரிக்கற் இல்லாமல், விளம்பரம் இல்லாமல், பெயர் சொல்லி அழைத்தவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். அதைத் தொழில்நுட்பப் பரிசோதனைக் காட்சி என்றே எழுத்தில் வைத்திருங்கள். யூடியூபில் ‘பட்டியலிடாத’ இணைப்பாகப் போடுவது இதைவிட ஆபத்து, ஒருவர் பகிர்ந்தால் முடிந்தது. விழாத் தெரிவாளர்களுக்குக் கடவுச்சொல் உள்ள இணைப்புத்தான் போக வேண்டும், ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் திரையில் மங்கலாகத் தெரியும் பிரதியாக இருந்தால் இன்னும் நல்லது.

எந்த விழாவுக்கு முதலில் அனுப்புவது என்பதும் விநியோகக் கேள்விதான். பெர்லின், கான் போன்ற இடங்களில் விழாவோடு படங்களின் உரிமையை வாங்கி விற்கும் சந்தையும் நடக்கும். பூசானிலும் கோவாவிலும்கூட அப்படி. படத்தை நாடு நாடாக விற்றுத்தரும் விற்பனை முகவர்களும் வாங்குபவர்களும் அங்கேதான் இருப்பார்கள். சந்தை இல்லாத சிறிய விழாவில் முதல் திரையிடலைச் செலவழித்துவிட்டால் சான்றிதழ் கிடைக்கும், வாங்குபவர் கிடைக்கமாட்டார். கானில் ‘ஆசிட்’ என்று ஒரு பிரிவு இருப்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. படைப்பாளிகளின் சங்கம் ஒன்று 1993 முதல் நடத்தும் பிரிவு அது. பிரெஞ்சு விநியோகஸ்தர் இல்லாத படங்களையும் எடுத்து, விழாவுக்குப் பிறகு பிரான்சின் சின்னத் தியேட்டர்கள்வரை கூட்டிப்போவதுதான் அதன் நோக்கம். அசோக ஹந்தகமவின் தமிழ்ப் படமான ‘இனி அவன்’ 2012 இல் அங்கே காட்டப்பட்டது. 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை முதல் படியாக எடுக்காமல், வெளிநாட்டு விழா முடிந்து உள்ளூர் வெளியீட்டுக்கு முன்னால் வரும் படியாகக் கணக்கில் எடுத்தால் பலன் கூட.

இனி ஒப்பந்தம். இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள்.

விழாவில் தெரிவானதும் ஒன்றிரண்டு விற்பனை முகவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். அவர்களின் கழிவு, அதாவது கமிஷன், வழக்கமாக 20 முதல் 30 சதவீதம். அதோடு செலவு என்று ஒரு கணக்கு இருக்கும். சுவரொட்டி, சந்தையில் கூடம், விமானச் சீட்டு எல்லாம் அதற்குள் வரும், அது உங்கள் பங்கிலிருந்தே கழியும். கழிவு 25 சதவீதம், செலவு உச்சம் 15,000 யூரோ என்று வையுங்கள். படம் மொத்தம் 20,000 யூரோவுக்கு விற்றால் முகவர் 5,000 கழிவு எடுப்பார், 15,000 செலவு எடுப்பார், உங்களுக்குச் சுழியம். 20,000 ஐத் தாண்டும் விற்பனையில்தான் முதல் காசு உங்கள் கைக்கு வரும். பல சுயாதீனப் படங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுவதே இல்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தொழிலின் அமைப்பே இதுதான். ஆனால் செலவுக்கு உச்சவரம்பு எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் அந்தக் கோடு நகர்ந்துகொண்டே போகும். உச்சவரம்பை எண்ணில் எழுதச் சொல்லுங்கள், அதற்கு மேல் செலவழிக்க உங்கள் எழுத்து அனுமதி வேண்டும் என்றும் போடுங்கள்.

அடுத்தது ‘உலகம் முழுவதும், எல்லா உரிமைகளும், 15 வருடம்’ என்ற வரி. முகவர் அனுப்பும் முதல் வரைவில் இது இருக்கும். இதில் மூன்று விலக்குகள் கேட்க வேண்டும். ஒன்று, இலங்கை முழுவதும். இரண்டு, தமிழ்நாடு, அல்லது குறைந்தபட்சம் அங்கே விற்பதற்கு உங்கள் சம்மதம். மூன்றாவதுதான் முக்கியம். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், நோர்வே, சுவிஸ், அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் தமிழ் அமைப்புகள் நடத்தும் ஒற்றைக் காட்சிகளைத் தயாரிப்பாளரே ஒழுங்குசெய்யும் உரிமை. ஐரோப்பிய முகவருக்கு அந்தக் காட்சிகளின் பெறுமதி தெரியாது, அதனால் தொடக்கத்தில் கேட்டால் தந்துவிடுவார். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் ஒவ்வொரு காட்சிக்கும் கட்டணம் கேட்பார். ஒப்பந்தக் காலத்தை 7 வருடமாகக் குறைக்கக் கேளுங்கள். முதல் 18 மாதத்தில் ஒரு விற்பனையும் நடக்காவிட்டால் உரிமை திரும்பும் என்ற வரியையும் கேளுங்கள். ஏதாவது நிதியத்தின் பணத்தில் படம் முடிந்திருந்தால் அந்த நிதியத்தோடான ஒப்பந்தத்தையும் எடுத்து வாசியுங்கள். சிலவற்றில் ஏதோ ஒரு நாட்டின் உரிமை ஏற்கனவே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும்.

முகவரோ விநியோகஸ்தரோ விலை பேசுமுன் கேட்பது காகிதங்களை. கதை யாருடையது என்ற ஒப்பந்தம், நடித்த ஒவ்வொருவரின் சம்மதக் கடிதம், இசையமைப்பாளரின் உரிமைமாற்றம், பாவித்த பாடல்களின் பட்டியல். வன்னிப் படங்களில் அடிக்கடி இடறும் இடம் பாட்டு. தேநீர்க்கடைக் காட்சியில் பின்னணியில் ஓடும் பழைய இந்தியப் பாட்டு அரை நிமிடம் என்றாலும் அதற்கு இரண்டு அனுமதி வேண்டும், இசைப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாடலின் உரிமையாளரிடம் ஒன்று. கிடைக்காவிட்டால் ஒலியை மாற்ற வேண்டும். உரையாடலும் பாட்டும் ஒரே ஒலித்தடத்தில் ஒட்டிப் பதிந்திருந்தால் மாற்றவும் முடியாது. ஆகவே படப்பிடிப்பு நேரத்திலேயே வானொலியை நிறுத்திவையுங்கள். போராளி இயக்கங்களின் பாடல்கள், பழைய காணொளித் துண்டுகள் என்றால் உரிமையாளரைக் கண்டுபிடிப்பதே பாடு, அதற்கு மேல் தணிக்கையும் இருக்கிறது.

இலங்கையில் பொதுமக்களுக்குப் படம் காட்டத் தணிக்கை செய்யும் பொது அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழ் வேண்டும். தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972 இல் தொடங்கியது. நீண்ட காலம் விநியோகம் அதன் கையிலேயே இருந்தது, இப்போது தனியார் சுற்றுகளும் உண்டு. சுற்று என்பது ஒரே விநியோகஸ்தரின் கீழ் வரும் தியேட்டர்களின் கூட்டம். ஒரு சுற்றில் இடம்பிடித்தால் முன்னால் நிற்கும் படங்கள் ஓடி முடியும்வரை வரிசையில் நிற்க வேண்டும். சீருடையோ சோதனைச்சாவடியோ காணாமற்போனோர் விடயமோ படத்தில் இருந்தால் சபை பார்த்து முடிக்கக் காலம் எடுக்கும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். வெளியீட்டு நாளை அச்சடித்த பிறகு சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது தற்கொலை. சான்றிதழ் வந்தாலும் அதோடு முடிந்தது என்று நினைக்க முடியாது. பிரசன்ன விதானகேயின் ‘புர ஹந்த களுவர’ 2000 இல் யுத்தச் சூழலைக் காரணம் காட்டி வெளியிடாமல் நிறுத்தப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போய், 2001 இல் வந்த தீர்ப்புக்குப் பிறகுதான் சனம் அதைப் பார்த்தது.

தமிழ்நாட்டில் வெளியிட நினைத்தால் அங்கே உள்ள ஒரு நிறுவனம்தான் இந்தியத் தணிக்கைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். முன்பு தணிக்கை மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. தனுஷ்கோடி மீனவரைப் பற்றிய ‘செங்கடல்’ அந்த வழியாகத்தான் 2011 இல் வெளியே வந்தது. 2021 இல் அந்தத் தீர்ப்பாயத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் உயர் நீதிமன்றம்தான். ஈழக்கதைக்காக அந்தச் செலவை ஏற்கும் சென்னை விநியோகஸ்தரை எதிர்பார்த்துத் திட்டம் போடுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

விநியோகஸ்தர்கள் பேசும் வழிகள் மூன்று. மொத்த விலைக்கு வாங்குவது, மினிமம் கரண்டி என்று ஒரு தொகையை முன்கூட்டியே தந்து அதற்கு மேல் வருவதைப் பங்கிடுவது, காசே தராமல் கழிவுக்கு மட்டும் வெளியிடுவது. நட்சத்திரம் இல்லாத படத்துக்கு மூன்றாவதுதான் வரும். அதிலும் விளம்பரச் செலவு உங்கள் தலையில். நான்காவது வழி, தியேட்டரையே காட்சிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுப்பது. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு திரையை இரண்டு மாலைக் காட்சிகளுக்கு எடுத்தால், கழிவுக்கு விட்டு வெள்ளி காலை 10.30 காட்சியை வாங்குவதைவிடப் பலன் உண்டு. தியேட்டர்காரரைக் குறைசொல்ல முடியாது. வருடம் முழுவதும் அவருக்குச் சோறு போடுவது இந்தியாவிலிருந்து வரும் நட்சத்திரப் படங்கள். அவற்றைத் தரும் இறக்குமதியாளரைப் பகைத்து உங்கள் படத்துக்கு மாலைக் காட்சி தரமாட்டார்.

நாள் பார்ப்பதில் வன்னிக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி மூன்றும் நட்சத்திரப் படங்களுக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் உள்வீதிகள் வெள்ளத்தில் கிடக்கும், ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ இரவுக் காட்சிக்கு ஆட்கள் வரமாட்டார்கள். முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 ஐ ஒட்டிய கிழமையில் ஊர் துக்கத்தில் இருக்கும், அப்போது சுவரொட்டி ஒட்டுவது முறையல்ல. வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில், மடுத் திருவிழா ஓகஸ்ட் 15 இல். காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கையில் புழங்கும் மாசி, பங்குனிதான் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நல்ல காலம். ஆனால் அதே நாட்கள் மன்னார்ப் பக்கத்தில் தவக்காலம், கத்தோலிக்கக் குடும்பங்கள் படத்துக்கு வருவது குறைவு. மன்னாரை உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு வையுங்கள்.

தியேட்டருக்குப் போவது டி.சி.பி. என்ற கோப்புத் தொகுதி. வினாடிக்கு 24 பிரேம், 5.1 ஒலி, அகலம் 1998 அல்லது 2048 புள்ளிகள். நூறு நிமிடப் படம் உச்சத் தரத்தில் 187 ஜிகாபைட்வரை போகும். கமராவை 25 பிரேமில் வைத்து எடுத்திருந்தால் 24 க்கு மாற்றும்போது நூறு நிமிடம் 104 ஆகும், குரலும் சற்றுத் தடிக்கும். எடுக்கும்போதே 24 இல் எடுங்கள். டி.சி.பி.யை வீட்டுக் கணினியில் இலவச மென்பொருளால் செய்யலாம், நன்றாகவே வரும். ஆனால் வெளியீட்டுக்கு முன் உண்மையான தியேட்டர் ஒன்றில் ஓட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். தமிழ், சிங்கள வசனவரிகளைத் தனிக் கோப்பாக வைத்தால் சில தியேட்டர் இயந்திரங்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். இந்த எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி அவற்றில் இல்லை. படத்தின் மேலேயே பதித்துவிடுவது பாதுகாப்பு. கொழும்புக் காட்சிக்குச் சிங்கள வரி பதித்த பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும்.

டி.சி.பி.யைப் பூட்டினால் ஒவ்வொரு தியேட்டர் இயந்திரத்துக்கும் தனித்தனிச் சாவிக் கோப்பு தேவை, அது குறித்த நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். சாவி வெள்ளி காலை திறக்கும்படி இருந்தால் வியாழன் இரவு பரிசோதிக்க முடியாது. இரண்டு நாள் முன்னதாகத் திறக்கும்படி கேளுங்கள். சின்னப் படத்துக்குப் பூட்டே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. தியேட்டரில் களவு போவது பெரும்பாலும் கைத்தொலைபேசியால், டி.சி.பி.யால் அல்ல.

வன்னியில் தியேட்டர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆகவே படம் உண்மையில் ஊருக்குப் போவது பிரதேச சபை மண்டபங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும்தான். கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் புரொஜெக்டரை நம்பி இறங்குபவர்கள் இங்கே சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் பல 1024க்கு 768 புள்ளி. அகலத்திரைப் படத்தை அதில் போட்டால் உயரம் 428 புள்ளிக்குள் சுருங்கி வசனவரி வாசிக்க முடியாமல் போகும். முழு எச்.டி. இயந்திரமாகக் கேளுங்கள். நாலு மீற்றர் அகலத் திரைக்கு, முழு இருட்டில், 5,000 லூமென் தாராளம். வெளியிலிருந்து வெளிச்சம் வந்தால் 10,000 மும் போதாது. மண்டபங்களின் பூக்கல் சுவர் வழியாக மாலை வெயில் நேரே திரையில் விழும். ஆகவே ஏழு மணிக்கு முன் தொடங்காதீர்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும், இரவு பத்து மணியைத் தாண்டினால் தொல்லை. ஏழுக்குத் தொடங்கும் படம் நூறு நிமிடம் என்றால் கலந்துரையாடலுக்கும் நேரம் இருக்கும். பேச்சாளர்களை முன்னால் ஏற்றினால் இருக்காது.

ஒலியில் ஒரே பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. 5.1 ஒலியில் உரையாடல் நடுச்சானலில் இருக்கும். அந்தக் கோப்பை இரண்டு ஸ்பீக்கர் உள்ள செற்றில் போட்டால் இசையும் குருவிச் சத்தமும் கேட்கும், பேச்சு கேட்காமல் போகலாம். மண்டபத்துக்கென்று இரண்டு சானலாகக் கலந்த தனிப் பிரதி செய்யுங்கள். தகரக் கூரையில் எதிரொலி கடுமையாக இருக்கும். பேஸைக் குறைத்து, பெட்டிகளைத் திரைக்கு இரு பக்கமும் ஆட்களின் தலை உயரத்துக்கு மேல் வைத்து, சற்றுக் கீழே சரித்தால் பேச்சு தெளியும். வெறும் மண்டபத்தில் வைத்த ஒலி அளவு, சனம் நிறைந்ததும் போதாது. முதல் ஐந்து நிமிடம் கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்திக் கூட்டுங்கள்.

கோப்பு எம்.பி.4, வினாடிக்கு 15 மெகாபிற். நூறு நிமிடத்துக்கு 11 ஜிகாபைட் வரும். பெரும்பாலான பென்ட்ரைவ்கள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றி இரண்டு பென்ட்ரைவில் கொண்டுபோங்கள். ஜெனரேற்றர் 5 கேவிஏ போதும், முப்பது மீற்றர் தள்ளி வையுங்கள். புரொஜெக்டருக்கு மட்டும் ஒரு யூ.பி.எஸ். கட்டாயம். மின் சடாரென்று நின்றால் விசிறியும் நிற்கும், சூடான குமிழ் போய்விடும், அதன் விலை அன்றைய வசூலைவிடக் கூட.

ரிக்கற் விற்றால் களியாட்ட வரி உள்ளூராட்சிச் சபைக்குரியது. கரைச்சியா, புதுக்குடியிருப்பா, கரைதுறைப்பற்றா என்று பார்த்து அந்தச் சபையிலேயே முன்கூட்டி விகிதம் கேட்டு, ரிக்கற் புத்தகத்தில் முத்திரை வாங்குங்கள். பாடசாலை மண்டபம் என்றால் அதிபரின் வாய்மொழி போதாது, வலயக் கல்விப் பணிமனையின் கடிதமும் வேண்டும்.

புலம்பெயர் காட்சிகளை ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும். ஞாயிறு பிற்பகல் ஒரு தியேட்டரை எடுத்து, சீட்டுகளைத் தாங்களே விற்பார்கள். இவர்களோடு சதவீதம் பேசாதீர்கள். ‘வசூல் முழுவதும் ஊர்ப் பிள்ளைகளுக்கு’ என்று மேடையில் அறிவித்துவிட்டால் கணக்குக் கேட்பவர் கெட்டவர் ஆகிவிடுவார். இயக்குனருக்குப் பொன்னாடை கிடைக்கும், அவ்வளவுதான். காட்சிக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம், அதில் பாதி டி.சி.பி. அனுப்புமுன். பிரித்தானியாவில் தியேட்டர் காட்சிக்குத் தணிக்கைச் சபையின் தரப்படுத்தலோ அந்த ஊர்ச் சபையின் அனுமதியோ வேண்டும், அதற்குக் கட்டணமும் நாட்களும் ஒதுக்குங்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் மூன்றையும் ஒரே மாதத்துக்குள் முடித்துவிட்டால் களவுப் பிரதி வருமுன் பெரும்பகுதி வசூல் கைக்கு வந்திருக்கும்.

ஓ.டி.டி. இதற்கெல்லாம் பிறகு. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இலங்கையில் அந்தப் படம் திறக்குமா என்பது. இந்தியாவுக்கு மட்டும் வாங்கும் தளத்தில் உங்கள் படம் இருந்தாலும் விசுவமடுவில் இருப்பவர் அதைப் பார்க்க முடியாது. களவாகத்தான் பார்ப்பார். தளத்தில் ஏறிய பிறகும் பாடசாலை, நூலகம், கிராமிய மண்டபங்களில் காட்டும் உரிமை தயாரிப்பாளரிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தளக்காரருக்கு அதில் நட்டம் இல்லை, கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.